2,000 ரூபாய்க்கு கார்: 1952-லேயே செய்து காட்டிய ஜி.டி.நாயுடு... குட்டி கார் உண்மையில் பாதுகாப்பானதா?

கோவை அவிநாசி சாலையில் உப்பிலிபாளையத்தில் தொடங்கி கோல்டுவின்ஸ் வரை போகிறது 10.1 கி.மீ. நீள மேம்பாலம். 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட அந்தப் பாலத்துக்கு வைக்கப்பட்ட பெயர் ஜி.டி.நாயுடு. தினமும் அந்தப் பாலத்தில் ஏறி இறங்கும் கார்களில் சின்ன கார்களுக்குக் குறைவே இல்லை. ஆனால் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரே ஒரு குட்டி காரைத் தயாரித்தவர், அதை விற்பனைக்குக் கொண்டுவர முடியாமல் போனவர் என்பது பாலத்தில் போகிற பலருக்குத் தெரியாது.

பெட்ரோலில் ஓடும் கார். இரண்டு பேர் உட்காரலாம். விலை 2,000 ரூபாய். வருஷம் 1952. அதைத் தொடர்ந்து தயாரிக்க அரசிடமிருந்து லைசென்ஸ் கிடைக்கவில்லை. தயாரிப்பு நின்றுபோனது.

இந்தத் தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றும்போதெல்லாம் ஒரே முடிவோடுதான் வரும். மேதை ஒருவரை அரசாங்கம் முடக்கிவிட்டது, இல்லாவிட்டால் இந்தியா அன்றைக்கே எங்கேயோ போயிருக்கும் என்று. முடக்கியது உண்மைதான். ஆனால் கார் வாங்கப் பணம் சேர்க்கிற ஒரு குடும்பத்துக்கு முக்கியமான வேறு ஒரு கேள்வி இருக்கிறது. அவ்வளவு சின்ன காரில் பொண்டாட்டி, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தைரியமாகப் போகலாமா?

திண்டுக்கல் மாவட்டம் எரியோடு மாதிரி ஒரு பேரூராட்சியில் இன்றைக்கும் இதே கேள்விதான். இருக்கிற பைக்கிலேயே நாலு பேரும் திண்டுக்கல் போய் வருவதா, கடன் வாங்கியாவது ஒரு சின்ன கார் எடுப்பதா? எடுத்தால் அது தாங்குமா? நாயுடுவின் வாழ்க்கையைப் பார்த்தால் இதற்குப் பாதி பதில் கிடைக்கும். மீதி பதில் அவர் காலத்துக்குப் பிறகு வந்தது.

யார் இந்த ஜி.டி.நாயுடு?

கோபால்சாமி துரைசாமி நாயுடு. சுருக்கமாக ஜி.டி.நாயுடு. 1893 மார்ச் 23-ம் தேதி கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அம்மா சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். லட்சுமிநாயக்கன்பாளையத்தில் மாமா வீட்டில் வளர்ந்தார். பள்ளிக்கூடம் ஒத்துவரவில்லை. வாத்தியார் மேல் மண்ணை வாரி வீசிவிட்டு ஓடிய கதையைக் கோவைப் பக்கம் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது ஒரு மோட்டார் சைக்கிள். வெள்ளைக்கார வருவாய்த் துறை அதிகாரி ஒருவர் 'ரட்ஜ்' கம்பெனி வண்டியில் ஊருக்குள் வந்தார். மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஒரு வண்டி தானாக ஓடுவதைப் பார்த்த பையனுக்கு அதன்பிறகு வேறு நினைப்பே இல்லை. வீட்டை விட்டுக் கிளம்பி, கோவையில் ஒரு ஹோட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். சாப்பாடு பரிமாறிச் சேர்த்த காசில் 300 ரூபாயைக் கொடுத்து அதே வண்டியை அந்த அதிகாரியிடமே வாங்கினார். வாங்கிய வண்டியில் ஊர் சுற்றினாரா என்றால் இல்லை, மொத்தமாகக் கழற்றிப் போட்டார். ஒவ்வொரு பாகமும் என்ன வேலை செய்கிறது என்று பார்த்து, திரும்ப மாட்டி ஓட்டினார். இன்ஜினியரிங் படிப்பு அவருக்கு அவ்வளவுதான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கலாம். 1952-ல் அவர் சொன்ன காரின் விலை, வாலிபத்தில் அவர் வாங்கிய பழைய மோட்டார் சைக்கிளின் விலையைப் போல ஏழு மடங்குகூட இல்லை. நடுவில் ஏறக்குறைய 40 வருஷமும் இரண்டு உலகப் போர்களும் போயிருந்தன.

பொள்ளாச்சி - பழனி பஸ்

மெக்கானிக் வேலை தெரிந்ததும் நேராகத் தொழிலதிபர் ஆகிவிடவில்லை. முதல் உலகப் போர் சமயத்தில் பருத்தித் தொழிலில் இறங்கி நன்றாகச் சம்பாதித்தார். அதே பணத்தோடு பம்பாய்க்குப் போய் பருத்தி வியாபாரத்தில் விட்டுவிட்டு வந்தார். திரும்பி வந்தவருக்குக் கைகொடுத்தவர் கோவையின் தொழில் முன்னோடியான ராபர்ட் ஸ்டேன்ஸ்.

1920-ல் ஒரே ஒரு பஸ். பொள்ளாச்சியிலிருந்து பழனி. டிரைவரும் அவரே.

இன்றைக்குப் பழனி திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. அன்றைக்கு அது மதுரை மாவட்டம். அதாவது ஜி.டி.நாயுடு என்ற பெயர் கோவையோடு சேர்ந்தே சொல்லப்பட்டாலும், அவருடைய முதல் பஸ் வந்து நின்ற கடைசி ஸ்டாப் நம் மாவட்டத்து ஊர். மாட்டு வண்டியிலும் நடையாகவும் போய்க்கொண்டிருந்த பாதையில் மோட்டார் பஸ் விட்டால் ஆள் ஏறுவார்களா என்ற சந்தேகம் யாருக்கும் வந்திருக்கும். ஏறினார்கள். ஒரு பஸ் பல பஸ் ஆனது. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், யு.எம்.எஸ். என்ற பெயரில் சில வருஷங்களிலேயே நாட்டின் திறமையான பஸ் கம்பெனிகளில் ஒன்றாக வளர்ந்தது. சொன்ன நேரத்துக்கு வரும், சொன்ன நேரத்துக்குக் கிளம்பும் என்பதுதான் யு.எம்.எஸ். பஸ்ஸுக்கு இருந்த பெரிய பெயர்.

காரைப் பற்றிப் பேசும்போது இந்த பஸ் அனுபவத்தை மறந்துவிடக் கூடாது. ஷோரூமில் வண்டி எப்படி ஜொலிக்கிறது என்பது பஸ் முதலாளிக்கு முக்கியமில்லை. தினமும் ஓட வேண்டும், ஓடாவிட்டால் அன்றைக்கு வரும்படி இல்லை. ஸ்பேர் பார்ட்ஸ் எங்கே கிடைக்கும், யார் ரிப்பேர் செய்வார், ஒரு டயர் எத்தனை மாசம் வரும் என்ற கணக்கிலேயே அவர் 30 வருஷம் இருந்தார். அதன் பிறகுதான் காருக்கு வந்தார். பொழுதுபோக்குக்காக கராஜில் ஒரு கார் செய்து பார்த்த ஆள் இல்லை அவர்.

விலையோடு ஒரு சண்டை

1930-களில் வெளிநாடுகள் சுற்றினார், குறிப்பாக ஜெர்மனி. பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார் வைத்த 'ரசன்ட்' எலெக்ட்ரிக் ரேஸர் அந்தத் தொடர்பில் வந்ததுதான். ஷேவிங்குக்கு மிக மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேன், முறைகேடு செய்ய முடியாத ஓட்டுப் பதிவு மெஷின் என்று பட்டியல் நீளும். கையில் கேமராவும் எப்போதும் இருக்கும். 1936 ஜனவரியில் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைப் படம் பிடித்தவர்களில் இந்தக் கலங்கல்காரரும் ஒருவர்.

1937-ல் கோவை பீளமேட்டில் அவருடைய நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸில், டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, இந்தியாவிலேயே தயாரான முதல் எலெக்ட்ரிக் மோட்டார் உருவானது. கோவைக்கு மோட்டார், பம்ப்செட் ஊர் என்று பெயர் வந்ததற்கு ஆரம்பப் புள்ளிகளில் இதுவும் ஒன்று. திண்டுக்கல் சமவெளியில் கிணற்றுத் தண்ணீரை நம்பி வெள்ளாமை செய்கிற எந்த விவசாயியிடமும் கோவை மோட்டாரைப் பற்றி விளக்க வேண்டியதில்லை.

1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தயாரித்துக் கொடுக்க முடியும் என்று அறிவித்தார். அவருடைய எல்லா வேலைகளிலும் இந்த விலைப் பிடிவாதம் தெரியும். ஒரு பொருளைப் பார்த்தால், இது ஏன் இவ்வளவு விலை என்றுதான் முதலில் யோசிப்பார் போல. அதிலிருந்து எதை எடுத்துவிட்டாலும் வேலை நடக்கும் என்று பார்ப்பார். ரேடியோவில் அது சரிதான், ஏதாவது கோளாறு என்றால் பாட்டு கேட்காது, அவ்வளவுதான். காரில் எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்பது வேறு கணக்கு. அதைப் பிறகு பார்க்கலாம்.

1945-ல் அவருடைய முயற்சியில் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் இன்ஜினியரிங் கல்லூரியும் வந்தன. ஆர்தர் ஹோப் அன்றைய மெட்ராஸ் மாகாண கவர்னர். பள்ளிப் படிப்பையே முடிக்காத நாயுடு கல்லூரிக்கு பிரின்சிபால் ஆனார். இன்ஜினியரிங் படிக்க நான்கு வருஷம் எதற்கு, இரண்டு வருஷம் போதும் என்றார். அரசு ஒத்துக்கொள்ளவில்லை. பதவியை விட்டு விலகினார். அந்தக் கல்லூரிதான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி, ஜி.சி.டி. அவிநாசி சாலையில் பஸ் கண்டக்டர்கள் இன்றும் ஹோப்ஸ், ஹோப்ஸ் என்று கூப்பிடுவது அந்தப் பழைய பெயரைத்தான்.

1952: கார் வந்தது, லைசென்ஸ் வரவில்லை

நாயுடுவின் இரண்டு சீட் கார் வந்த சமயம் உலகமே குட்டி கார்களை யோசித்துக்கொண்டிருந்தது. போரில் நொறுங்கிப்போன ஐரோப்பாவில் மக்களிடம் காசு இல்லை, ஆனால் மழையில் நனையாமல் வேலைக்குப் போக வேண்டும். இத்தாலியில் 'இசெட்டா' 1953-ல் வந்தது. முட்டை மாதிரி ஒரு வண்டி, கதவு பக்கவாட்டில் இல்லை, முன்பக்கம் மொத்தமும் ஃப்ரிட்ஜ் கதவு மாதிரி திறக்கும். பி.எம்.டபிள்யூ. அதை 1955 முதல் ஜெர்மனியில் தயாரித்து 1.6 லட்சத்துக்கும் அதிகமாக விற்றது. ஜப்பானில் அளவிலும் இன்ஜினிலும் கட்டுப்பாடு வைத்து, வரிச் சலுகை கொடுத்து, 'கே' கார் என்று தனி வகுப்பையே அரசு உருவாக்கியது. சுஸுகி கார் தயாரிப்பில் இறங்கியது அந்த வழியில்தான். இங்கிலாந்தில் 1959-ல் 'மினி' வந்தது, நீளம் 10 அடிதான்.

இந்த வரிசையில் 1952 என்பது பிந்திய வருஷம் இல்லை. கோவையில் ஒருவர் சரியான நேரத்தில் சரியான பொருளைப் பற்றி யோசித்திருக்கிறார்.

பிரச்சினை இங்கே வேறு மாதிரி இருந்தது. தொழில்கள் (மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறை) சட்டம் 1951-ல் நிறைவேறி, 1952 மே மாதம் அமலுக்கு வந்தது. பட்டியலில் உள்ள தொழில்களை நடத்த மத்திய அரசின் லைசென்ஸ் கட்டாயம். பின்னாளில் லைசென்ஸ் ராஜ் என்று எல்லோரும் திட்டித் தீர்த்த முறைக்கு அஸ்திவாரம் இதுதான். கார் தொழிலில் பலர் இறங்கினால் இருக்கிற கொஞ்சம் இரும்பும் அந்நியச் செலாவணியும் சிதறிப்போகும் என்பது டெல்லியின் பயம். 1953-ல் அரசு இன்னும் இறுக்கியது. பாகங்களை இறக்குமதி செய்து பூட்டுகிற வேலை மட்டும் செய்கிற கம்பெனிகளுக்கு இடமில்லை என்றது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பிப்போனது அப்போதுதான். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பிரீமியர், ஸ்டாண்டர்ட் என்று சில பெயர்கள் மட்டும் மிஞ்சின. அடுத்த 30 வருஷம் இந்தியர்கள் காருக்குப் பெயர் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள்.

டெல்லியின் பயத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. வருஷத்துக்குச் சில ஆயிரம் கார்கள்தான் விற்ற நாடு அது. ஆனால் யாரிடமும் அந்நிய உதவி கேட்காமல் உள்ளூரில் கற்றுக்கொண்ட ஒருவருக்குக் கதவை அடைத்தது சரியா என்றால், இல்லை. நாயுடுவுக்கு வந்த கோபமும் சின்னது இல்லை. அரசின் கொள்கைகளைக் கண்டித்து, தான் உருவாக்கிய பொருட்களையே உடைத்து எதிர்ப்புக் காட்டுகிற அளவுக்குப் போனார். பொறுமை அவருடைய பலம் இல்லை.

அந்த கார் ஓடியிருந்தால் பாதுகாப்பாக இருந்திருக்குமா?

1952-ல் எந்த காரும் இன்றைய அர்த்தத்தில் பாதுகாப்பானது இல்லை. பெரிய காரும் சரி, சின்ன காரும் சரி. தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனை சீட் பெல்ட்டை வால்வோ கம்பெனி 1959-ல்தான் கொண்டுவந்தது. மோதினால் ஸ்டியரிங் கம்பி நேராக டிரைவர் நெஞ்சுக்கு வரும். இந்தியச் சட்டத்தில் மோதல் சோதனை என்ற ஒன்றே கிடையாது.

அதே 1952-ல்தான் ஜெர்மனியில் பேலா பரேனி என்ற மெர்சிடஸ் இன்ஜினியருக்கு ஒரு பேட்டன்ட் கிடைத்தது. காரின் முன்பக்கமும் பின்பக்கமும் நசுங்க வேண்டும், ஆள் உட்கார்ந்திருக்கும் நடுப்பகுதி நசுங்கக் கூடாது என்பதுதான் அந்த யோசனை. அதுவரைக்கும் கெட்டியான இரும்பு என்றால் பாதுகாப்பு என்றே நினைத்தார்கள். நம்ம ஊரில் இன்னும் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள், பழைய அம்பாசடர் மேல் தட்டிப் பார்த்துவிட்டு. பானட் நசுங்குவது பலவீனம் இல்லை. மோதலின் வேகத்தை அது தன்மேல் வாங்கிக்கொள்கிறது. கெட்டியாக இருந்தால் அந்த அடி உள்ளே இருப்பவர் உடம்புக்கு வரும்.

குட்டி காருக்குச் சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. நசுங்குவதற்கு இடம் வேண்டும். நீளத்தைக் குறைத்தால் முதலில் போவது அந்த இடம்தான். இசெட்டாவில் டிரைவருடைய முழங்காலுக்கும் எதிரே வரும் வண்டிக்கும் நடுவே ஒரு கதவுதான் இருந்தது. நேருக்கு நேர் மோதினால் கதவு திறக்காது என்பதால், மேலே இருந்த துணிக் கூரையையே அவசர வழியாக வைத்தார்கள்.

அடுத்தது எடை. 600 கிலோ காரும் 1,800 கிலோ எஸ்.யூ.வி.யும், ஒவ்வொன்றும் 50 கி.மீ. வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொண்டு நிற்பதாக வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூட பிசிக்ஸ் கணக்குப்படி, மோதிய பிறகு இரண்டும் சேர்ந்து எஸ்.யூ.வி. வந்த திசையிலேயே 25 கி.மீ. வேகத்தில் போகும். அதாவது எஸ்.யூ.வி.க்குள் இருப்பவருக்கு வேகம் 25 மாறுகிறது. சின்ன காருக்குள் இருப்பவருக்கு 75 மாறுகிறது. 50-ல் முன்னால் போனவர் கண் சிமிட்டும் நேரத்தில் 25-ல் பின்னால் போகிறார். எவ்வளவு நல்ல டிசைனாக இருந்தாலும் இந்தக் கணக்கை மொத்தமாக அழிக்க முடியாது, குறைக்கத்தான் முடியும்.

குறைக்க முடியும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1998-ல் ஐரோப்பாவில் வந்த இரண்டு சீட் 'ஸ்மார்ட்' கார் இரண்டரை மீட்டர் நீளம்தான். ஆட்களைச் சுற்றி முட்டை ஓடு மாதிரி ஒரு இரும்புக் கூண்டு வைத்துத்தான் அதை வடிவமைத்தார்கள். அதற்குக் காசு ஆனது. ஸ்மார்ட் சின்னதாக இருந்தது, மலிவாக இல்லை. சின்ன கார், மலிவு கார் இரண்டும் ஒன்று என்று நாம் நினைத்துக்கொள்வதால்தான் குழப்பமே.

நானோ சொன்ன பதில்

நாயுடுவின் யோசனை இந்தியாவில் முழு வேகத்தில் திரும்ப வந்தது 2009-ல். டாடா நானோ. மழையில் ஸ்கூட்டரில் போன ஒரு குடும்பத்தைப் பார்த்து ரத்தன் டாடாவுக்குத் தோன்றிய கார் என்று சொல்லப்படுவது. விலை 1 லட்சம் ரூபாய் என்று அறிவித்தார்கள். 3.1 மீட்டர் நீளம், 600 கிலோ எடை, பின்னால் 624 சி.சி. இன்ஜின்.

நானோவில் எதையெல்லாம் எடுத்துவிட்டு விலையைக் குறைத்தார்கள் என்று பார்த்தால் நாயுடு ரசித்திருப்பார். ஒரே ஒரு வைப்பர். சக்கரத்துக்கு மூன்றே நட்டு. பின்பக்கக் கதவு திறக்காது, சாமானை சீட்டை மடக்கித்தான் வைக்க வேண்டும். பெட்ரோல் போட முன் பானட்டைத் திறக்க வேண்டும். இதெல்லாம் தொந்தரவுதான், ஆபத்து இல்லை. டவுனுக்குள் வளைத்துத் திருப்புவதற்கும், கிடைத்த சந்தில் நிறுத்துவதற்கும் அப்படி ஒரு கார் இல்லை. நெட்டையான ஆளும் தலை இடிக்காமல் உட்காரலாம். புழக்கத்துக்கு நானோ தேறியது.

பாதுகாப்பில் தேறவில்லை. 2014-ல் குளோபல் என்கேப் 64 கி.மீ. வேகத்தில் மோதிப் பார்த்தபோது நானோவுக்குக் கிடைத்தது பூஜ்ய ஸ்டார். ஏர்பேக் இல்லை. நானோ மட்டும் இல்லை, அன்றைக்கு இந்தியாவில் அதிகம் விற்ற ஆல்டோ 800 உட்பட சோதித்த மற்ற சின்ன கார்களும் பூஜ்யம்தான். 2016-ல் ஐரோப்பாவின் யூரோ என்கேப், காருக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் இருக்கும் குவாட்ரிசைக்கிள் வகை வண்டிகளைச் சோதித்தபோது நம் பஜாஜ் க்யூட்டுக்கு ஒரு ஸ்டார்.

பிறகு நிலைமை மாறியது. 2017 அக்டோபரிலிருந்து புது மாடல்களுக்கும், 2019 அக்டோபரிலிருந்து பழைய மாடல்களுக்கும் மோதல் சோதனை சட்டப்படி கட்டாயம். ஏ.பி.எஸ். பிரேக்கும் டிரைவர் ஏர்பேக்கும் 2019-ல் கட்டாயம் ஆயின. பக்கத்து சீட்டுக்கும் ஏர்பேக் 2021, 2022-ல் வந்தது. 2020-ல் டாடா டியாகோ 4 ஸ்டார் வாங்கியது, நீளம் 3.8 மீட்டருக்கும் குறைவு. அடுத்த வருஷமே டாடா பன்ச், நாலு மீட்டருக்குள் அடங்கும் கார், பெரியவர்கள் பாதுகாப்பில் 5 ஸ்டார் வாங்கியது. 2023 அக்டோபரில் பாரத் என்கேப் என்று சொந்தச் சோதனைத் திட்டமே வந்துவிட்டது. சின்ன காருக்குப் பாதுகாப்பு வராது என்பது உண்மை இல்லை, அதை யாரும் கேட்காததால் கொடுக்கவில்லை என்பதுதான் உண்மை.

நாயுடுவின் கார் இழந்தது இந்த வாய்ப்பைத்தான். ஒரு கார் சந்தைக்கு வந்து, அடிபட்டு, திட்டு வாங்கி, அடுத்த மாடலில் திருந்துகிறது. இசெட்டாவிலிருந்து ஸ்மார்ட்டுக்கும், 1950-களின் குட்டி ஜப்பான் கார்களிலிருந்து இன்றைய கார்களுக்கும் வந்த வழி அது. லைசென்ஸ் இல்லாமல் நின்றுபோன காருக்கு இரண்டாவது மாடல் கிடையாது.

சரி, எரியோட்டுக்காரர் என்ன செய்வது?

வேடசந்தூர் தாலுகாவில் இருக்கிற எரியோட்டைப் போன்ற ஊருக்கு இரண்டு விதமான ரோடு. ஊருக்குள்ளும் சுற்றியுள்ள கிராமங்களுக்கும் போகிற சின்ன ரோடு ஒன்று. டிராக்டர், மாடு, மில் வேன், திடீர் ஸ்பீட் பிரேக்கர். இங்கே 40-ஐத் தாண்டுவதே கஷ்டம். திண்டுக்கல் டவுனுக்குள் பழனி ரோட்டிலோ மெயின் ரோட்டிலோ நிறுத்த இடம் தேடுகிறவருக்கும் சின்ன கார்தான் வரம். இந்த வேகத்தில், இன்றைய சட்டப்படி வந்த ஒரு சின்ன காரில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தால் பயப்பட ஒன்றும் இல்லை.

இன்னொன்று திண்டுக்கல் - கரூர் நான்கு வழிச்சாலை, என்.எச்.44. காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி போகிற லாரி இதே ரோட்டில்தான் வரும். 40-ல் போகும்போது இருக்கும் மோதல் சக்தியைப் போல 80-ல் நான்கு மடங்கு. மேலே சொன்ன எடைக் கணக்கு உயிர் எடுப்பது இங்கேதான். பெரிய கார்கள் 100-ல் போகின்றன என்பதற்காகக் குட்டி காரிலும் 100-ல் போவது புத்திசாலித்தனம் இல்லை. இடது லேன், 70-க்குள் வேகம், லாரிக்குப் பின்னால் தாராளமாக இடைவெளி. சின்ன டயர் என்பதால் காற்று குறைந்தாலும் பள்ளத்தில் விழுந்தாலும் வண்டி சட்டென்று இழுக்கும். மொட்டை போட, காது குத்த என்று கிளம்பும்போது ஐந்து சீட் வண்டியில் எட்டுப் பேரை அடைத்து, மேலே மூட்டையும் கட்டினால் எந்த ஸ்டாரும் காப்பாற்றாது.

பைக்கோடு ஒப்பிட்டால்? மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 கணக்குப்படி, நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இதில் 44.5 சதவீதம் டூவீலரில் போனவர்கள். அந்த வருஷம் விபத்துகளின் எண்ணிக்கையில் முதல் இடம் தமிழ்நாட்டுக்கு. பைக்குகள் எண்ணிக்கையில் அதிகம் என்பதும் இதற்கு ஒரு காரணம்தான். இருந்தாலும், நாலு பேர், அதில் ஒருவருக்கு மட்டும் ஹெல்மெட் என்கிற நிலையை விட ரேட்டிங் உள்ள எந்தச் சின்ன காரும் மேல். செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் மட்டும் வண்டி எந்த வருஷத்து மாடல் என்று பார்க்க வேண்டும். 2019-க்கு முந்தைய வண்டி என்றால் முன்னால் இரண்டு ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் இருக்கிறதா என்று ஆர்.சி. புத்தகத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே கேட்டுவிடலாம். பத்தாயிரம் இருபதாயிரம் விலை குறைகிறது என்று இதை விட்டுக்கொடுக்க வேண்டாம். பின்சீட்டில் பெல்ட் இருந்தும் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கும், அதையும் வெளியே எடுத்துப் போட வேண்டும்.

கடைசி வருஷங்கள்

கார் நின்ற பிறகும் நாயுடு சும்மா இருக்கவில்லை. பருத்தி, மக்காச்சோளம், பப்பாளி என்று விவசாய ஆராய்ச்சி பக்கம் திரும்பினார். அவருடைய தோட்டத்தைப் பார்க்க சி.வி.ராமனும் விஸ்வேஸ்வரய்யாவும் வந்தார்கள். 1967-ல் கோவையில் தொழில் கண்காட்சி ஒன்றை நிறுவினார். பையன்கள் வந்து மெஷினைத் தொட்டுப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய ஆசை. ரட்ஜ் வண்டியைக் கழற்றிப் போட்ட ஆள் அல்லவா. அவர் குடும்பத்தினர் பல வருஷங்களாகச் சேர்த்த பழைய கார்களை வைத்து 2015-ல் கோவையில் ஜி.டி. கார் மியூசியமும் திறக்கப்பட்டது.

1974 ஜனவரி 4-ம் தேதி ஜி.டி.நாயுடு இறந்தார். வயது 80.

அதற்கு ஒன்பது வருஷமும் 11 மாசமும் கழித்து, 1983 டிசம்பர் 14-ம் தேதி, டெல்லியில் ஒரு சாதாரண ஊழியர் குடும்பத்திடம் பிரதமர் இந்திரா காந்தி ஒரு சாவியைக் கொடுத்தார். முதல் மாருதி 800. ஜப்பானின் குட்டி கார் கம்பெனியான சுஸுகியோடு சேர்ந்து அரசே தயாரித்தது, விலை ஏறத்தாழ 50,000 ரூபாய். அதில் ஏர்பேக் கிடையாது.